செஞ்சிக் கோட்டைக்கு மாணவர்களை அழைத்துவரும் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆசிரியப் பெருமக்களுக்கு வணக்கம்.

கல்விச் சுற்றுலாவுக்குச் செஞ்சி வரும் பள்ளிப் பேருந்துகளில் பல, திருவண்ணாமலை போகும் வழியில், உச்சி வெயிலில்தான் கோட்டை வாசலில் வந்து நிற்கின்றன. பிள்ளைகள் கல்யாண மகாலின் முன்னே நின்று படம் எடுத்துக்கொண்டு, கட்டிவந்த புளிசோற்றைக் குரங்குகளிடமிருந்து காப்பாற்றி உண்டு முடித்து, தேசிங்கு ராஜன் கதையோடு வண்டி ஏறிவிடுகிறார்கள். ராஜகிரியின் மேல் ஏறாத பயணத்தைக் கோட்டை பார்த்த கணக்கில் சேர்க்க எனக்கு மனம் வரவில்லை.

தேசிங்கின் கதையைச் சொல்ல வேண்டாம் என்பதல்ல என் கோரிக்கை. ஆர்க்காட்டு நவாபின் படையை எதிர்த்து 1714இல் களத்தில் மாண்ட அந்த இளைஞனுக்கு நம் கதைப்பாடல்கள் தந்த இடம் தகுதியானதே. ஆயினும் கோனார் மரபினர், நாயக்கர்கள், பிஜப்பூர் சுல்தானியர், மராட்டியர், முகலாயர் என்று அவனுக்கு முன்பே பலர் ஆண்ட கோட்டை இது. அவனுக்குப் பின் 1750இல் பிரெஞ்சுக்காரரிடமும் 1761இல் ஆங்கிலேயரிடமும் போனது. 1677இல் சிவாஜி இதைக் கைப்பற்றியதன் பயனை அவர் மகன் ராஜாராம்தான் அனுபவித்தார்: முகலாயத் தளபதி சுல்பிகர்கான் 1690இல் தொடங்கிய முற்றுகை 1698 வரை நீண்டது, கோட்டை விழுவதற்குள் ராஜாராம் தப்பிவிட்டார்.

அத்தனை ஆண்டுகள் எப்படித் தாக்குப்பிடித்தார்கள் என்று மாணவர்களிடம் கேட்டுவிட்டு மலையேற விடுங்கள். கீழே நெற்களஞ்சியமும் குளங்களும் இருக்கின்றன. சுமார் 800 அடி உயரமுள்ள ராஜகிரியின் உச்சியை நெருங்கும்போது, ஏறத்தாழ 24 அடி அகலமும் 60 அடி ஆழமும் கொண்ட ஒரு பாறைப் பிளவு குறுக்கிடும். அதன்மேல் உள்ள சிறு பாலத்தை எடுத்துவிட்டால், அதுவரை போராடி ஏறிவந்த படை அங்கேயே நின்றுவிட வேண்டியதுதான். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி ஆகிய மூன்று குன்றுகளையும் மதில் முக்கோணமாகப் பிணைத்திருப்பதும் மேலிருந்து பார்த்தால்தான் பிடிபடும். 2025இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்த 12 மராட்டியக் கோட்டைகளில் மகாராட்டிரத்துக்கு வெளியே உள்ளது செஞ்சி ஒன்றே.

ஆகவே, பாறை சூடேறுவதற்கு முன் மலையேறத் தொடங்கும்படி பயணத்தை வகுத்துக்கொள்ளுங்கள். ஆளுக்கொரு தண்ணீர்ப் புட்டி இருக்கட்டும், தின்பண்டப் பைகள் வண்டியிலேயே இருக்கட்டும். அடுத்துப் புதுச்சேரி போவதாக இருந்தால், கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் கருங்கல் தூண்களையும் காட்டுங்கள். அவை செஞ்சியிலிருந்து போனவை.

இப்படிக்கு,
செஞ்சி வட்டாரத்து வரலாற்று ஆர்வலன்