கண்ணுக்குள் வைக்க அனுமதித்தவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தின் மருத்துவக் கருவிகள் பிரிவினருக்கு,

வணக்கம். பார்வையிழந்தோரின் விழித்திரையில் பொருத்தும் ஆர்கஸ் 2 கருவியின் கதையை நாங்கள் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2013-இல், அரிய நோய்களுக்கான கருவிகளுக்குத் தரும் மனிதநேய விலக்கின் கீழ் அதை அனுமதித்தவர்கள் நீங்கள்தான். அதைத் தயாரித்த செகண்ட் சைட் நிறுவனம் 2019-இல் அதைக் கைவிட்டதும், மறு ஆண்டே ஊழியர்களில் பெரும்பாலோரை வீட்டுக்கு அனுப்பியதும் நீங்கள் அறிந்ததே. உலகெங்கும் 350 பேருக்கு மேல் அதைப் பொருத்தியிருந்தார்கள்.

இந்த மடல் அவர்கள் இடுப்பில் மாட்டும் பெட்டியைப் பற்றியது. கண்ணுக்குள் இருக்கும் பகுதியில் பேட்டரி கிடையாது. மூக்குக்கண்ணாடியின் கேமரா பிடிக்கும் படம் வயர் வழியாகப் பெட்டிக்குப் போகிறது. பெட்டி அதைக் கண்ணுக்குள் இருக்கும் 60 மின்முனைகளுக்கான துடிப்புகளாக மாற்றித் திருப்பி அனுப்புகிறது. கண்ணாடியின் பக்கவாட்டில் உள்ள சுருள், மின்சாரத்தையும் தகவலையும் சேர்த்தே கம்பியில்லாமல் உள்ளே செலுத்துகிறது. வயர் விட்டுப்போனாலோ பெட்டி பழுதானாலோ, உள்ளே நல்ல நிலையில் இருக்கும் கருவிக்கும் வேலையில்லை. இன்னொருவரின் பெட்டியை வாங்கி அப்படியே மாட்டிக்கொள்ளவும் முடியாது. எந்த மின்முனைக்கு எவ்வளவு மின்னோட்டம் கொடுத்தால் ஒளிப்புள்ளி தெரிகிறது என்று ஆளுக்கு ஆள் அளந்து நிரலிட்ட பெட்டி அது. அளக்கும் மென்பொருளும், அதைக் கையாளத் தெரிந்தவர்களும் நிறுவனம் கைவிட்டதோடு போய்விட்டார்கள். கழற்றி எடுத்துவிடலாமா? மின்முனைத் தகட்டை விழித்திரையோடு ஒரு சிறு ஆணி அடித்து நிறுத்தியிருக்கிறார்கள். பிடுங்கினால் விழித்திரை கிழியலாம்.

ஆகவே எங்கள் கோரிக்கை இதுதான். விழித்திரைக் கருவி எதற்கும் அனுமதி தருமுன், உதிரி வெளிக்கருவிகள், வரைபடங்கள், நிரலிடும் மென்பொருள், எம்.ஆர்.ஐ. எடுப்பதற்கான நிபந்தனைகள் எல்லாவற்றையும், பராமரிப்புக்கான பணத்தோடு, நிறுவனத்துக்குச் சம்பந்தமில்லாத ஒருவரிடம் ஒப்படைக்கச் சொல்லுங்கள்.

மிக்ஸி கம்பெனியை இழுத்து மூடினாலும் ஜாருக்குப் பிளேடு எங்காவது கிடைக்கும். அறுவைச் செலவு சேராமலே சுமார் 1,50,000 டாலருக்கு விற்ற கருவிக்கு வயர் கிடைக்காமல் போனது. விழித்திரை லாபம் தராதென்றதும் செகண்ட் சைட்காரர்கள் மூளையில் பதிக்கும் ஓரியன் என்ற பார்வைக் கருவிக்குத் தாவினார்கள். முதலீட்டாளர்களுக்குச் சொல்ல அடுத்த கதை கிடைத்துவிட்டது. நோயாளிகளுக்குத் தொலைபேசியை எடுக்கத்தான் ஆளில்லாமல் போனது. மன்னிக்கவும், கோரிக்கைக்கே வருகிறோம்.

இது ஒரு நிறுவனத்தோடு நின்ற சங்கதியும் அல்ல. இதேபோன்ற கருவி செய்த ஜெர்மனியின் ரெட்டினா இம்பிளான்ட் நிறுவனம் 2019-இல் கடையைக் கட்டியது. பாரிஸின் பிக்சியம் விஷன் நொடித்துப்போனதால் அதன் பிரிமா என்ற விழித்திரைக் கருவி 2024-இல் சயன்ஸ் கார்ப்பரேஷன் கைக்கு மாறியது. 2 மி.மீ. சதுரச் சில்லு, 378 படப்புள்ளிகள். விழித்திரையின் நடுப்பகுதியான மாகுலா சிதைந்த முதியவர்கள் அதை வைத்து எழுத்துகளைப் படித்திருக்கிறார்கள், எங்களுக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் அதற்கும் கேமரா பொருத்திய கண்ணாடி வேண்டும், கையடக்கப் பெட்டி வேண்டும். இன்னொரு முறை கை மாறினால் அவற்றைச் சரிசெய்து தருவது யார்?

இனி வரும் ஒவ்வொரு விண்ணப்பத்திலும் இந்தக் கேள்விக்கு எழுத்தில் பதில் வாங்குங்கள். பதில் இல்லாத விண்ணப்பத்தைத் தயவுசெய்து திருப்பி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
விழித்திரைக் கருவிகளோடு வேலை செய்வோர் சிலர்