பல்பண்பாட்டு மாணவர் மையத்தில் இருந்த அக்காவுக்கு நன்றி

உங்கள் பெயர் எனக்குத் தெரியாது அக்கா, ஆனால் முதல் செமஸ்டரில் எங்கள் பல்கலைக்கழகத்தின் பல்பண்பாட்டு மாணவர் மையத்தில் என்னோடு உட்கார்ந்து பேசிய சீனியர் நீங்கள்தான் என்பது இதைப் படித்தால் உங்களுக்கே புரியும்.

எங்கள் பண்டிகை நாளிலேயே தேர்வு வந்தபோது, முன்கூட்டியே எழுத்தில் கேட்டால் மாற்றுத் தேதி கிடைக்க வாய்ப்பு உண்டு, பாடத்திட்டம் கைக்கு வந்த வாரமே தேதிகளைப் பார்த்து மின்னஞ்சல் அனுப்பிவிடு என்று சொன்னீர்கள். கிடைத்தது.

மனம் சரியில்லை என்றபோது அறிவுரை எதுவும் சொல்லாமல் கேட்டீர்கள். அப்புறம், உயிருக்கு ஆபத்து போன்ற நிலை தவிர ஆலோசகரிடம் பேசுவது ரகசியமாகவே இருக்கும், மதிப்பெண் சான்றிதழில் எல்லாம் ஏறாது என்று பொறுமையாக விளக்கி, அந்த அறை வாசல் வரைக்கும் கூடவே வந்தீர்கள். அந்த நடைதான் எனக்குப் பெரிய உதவி.

கலைநிகழ்ச்சி, உணவுத் திருவிழா எல்லாம் எனக்கும் பிடிக்கும். ஆனால் பல்பண்பாட்டுத் திட்டம் என்பது அதோடு நின்றுவிடக் கூடாது. கட்டுரை எழுதத் தடுமாறுபவருக்கு எழுத்து உதவி மையம், திடீர்ப் பணமுடைக்கு அவசர நிதி, வீட்டிலிருந்து முதல் ஆளாகப் பட்டப்படிப்புக்கு வந்தவருக்கு ஒரு வழிகாட்டி என்று எல்லாம் இருந்தாலும், எந்தக் கதவைத் தட்டுவது என்று சொல்ல ஒரு ஆள் வேண்டுமே! எனக்கு அது நீங்கள்.

ரொம்ப நன்றி அக்கா. இந்த வருடம் புதிய மாணவர்களுக்கு வழிகாட்ட நானும் பெயர் கொடுத்திருக்கிறேன், முடிந்தால் ஒரு நாள் மையத்துக்கு வாருங்கள்.