ஜெனரேட்டர் ஒருமுறைதான் ஓடும்

அன்புள்ள முரளி,

பதில் தாமதம்தான், திட்டிக்கொள். இங்கே எல்லாரும் நலம். நம் தளபதி பைத்தானில் இன்னும் ஃபார் லூப் ஓட்டி, அப்பெண்டால் லிஸ்டில் ஒவ்வொன்றாகச் சேர்த்துத்தான் காலம் தள்ளுகிறார். அவரை நீதான் வழிக்குக் கொண்டுவர வேண்டும்.

நீ அனுப்பிய நிரலைப் படித்தேன். லாக் ஃபைலை அலசும் இடத்தில் சதுர அடைப்பை எடுத்துவிட்டு வட்ட அடைப்புப் போட்டிருக்கிறாய்; அதாவது, எல்லாவற்றையும் மொத்தமாக அடுக்கிவைக்கும் லிஸ்டுக்குப் பதில், கேட்கக் கேட்க ஒவ்வொன்றாகத் தரும் ஜெனரேட்டர். சபாஷ். பத்து லட்சம் உருப்படிகள் உள்ள லிஸ்டுக்கு, 64 பிட் கணினியில் சுட்டிகள் (உருப்படி இருக்கும் இடத்தைக் காட்டும் முகவரிகள்) மட்டுமே சுமார் 8 எம்பி பிடிக்கும். ஜெனரேட்டரோ எத்தனை வரி வந்தாலும் சில நூறு பைட்டோடு சரி. ஒன்றாவது பொருந்துகிறதா என்று பார்க்கும் எனிக்குள் (any) கொடுத்தால் இன்னும் நல்லது, முதல் பொருத்தம் கிடைத்ததுமே நின்றுவிடும்.

எனக்குப் பயமே அடுத்த இரண்டு வரிகளில்தான். அதே ஜெனரேட்டரை முதலில் உச்சத்தைக் காணும் மேக்ஸுக்கும் (max) பிறகு கூட்டிச் சொல்லும் சம்முக்கும் (sum) கொடுத்திருக்கிறாய். மேக்ஸ் கடைசி வரை இழுத்து முடித்துவிடும். சம்முக்கு மிச்சம் எதுவும் இருக்காது. அது எரர் காட்டாது முரளி, அமைதியாக 0 என்று சொல்லும்! அறிக்கையில் 0 அச்சாகிப் போய்விடும், ஒருவருக்கும் சந்தேகம் வராது. வரிசையை மாற்றிப்போட்டால் மேக்ஸாவது வேல்யூ எரர் என்று கத்தும். ஒரு மதிப்பு உள்ளே இருக்கிறதா என்று இன் (in) போட்டுத் தேடுவதும் இதே வம்புதான்: பொருத்தம் கிடைத்த இடம் வரை தீர்ந்துபோகும், அடுத்த லூப் அதற்கு அப்பாலிருந்துதான் தொடங்கும்.

இரண்டு முறை வேண்டுமென்றால் லிஸ்டாகவே வை. தரவு பெரிதா? ஒரே லூப்பில் கூட்டுத்தொகையையும் உச்சத்தையும் சேர்த்தே எடு. ஒரு ஜெனரேட்டரை இரண்டு கிளையாகப் பிரித்துத் தரும் ஐடெர்டூல்ஸின் டீ (itertools.tee) இங்கே பயன்படாது. மேக்ஸ் ஒரு கிளையை முழுக்க ஓட்டி முடிக்கும்வரை இன்னொரு கிளைக்காக அத்தனையையும் நினைவகத்தில்தான் தேக்கி வைக்கும்.

ஃபைல் திறக்கும் ஃபங்ஷனையும் மாற்று. வெளியேறும்போது ஃபைலைத் தானே மூடிவிடும் வித்துக்குள் (with) திறந்து ஜெனரேட்டரை ரிட்டர்ன் செய்கிறாய். ஃபங்ஷன் முடிந்ததும் ஃபைல் மூடிக்கொள்ளும். முதல் வரியைக் கேட்கும்போதுதான் எரர் வரும், அதுவும் வேறெங்கோ இருக்கும் லூப்பில். வித்துக்குள்ளேயே ஃபார் போட்டு வரி வரியாக யீல்டு (yield) செய்; கேட்கும்போது ஒரு வரியைக் கொடுத்துவிட்டு அங்கேயே காத்து நிற்கும்.

எழுத்துச் சரங்களை ஒட்டும் ஜாயினுக்கு (join) மட்டும் பழைய சதுர அடைப்பு, அதாவது லிஸ்ட் காம்ப்ரிஹென்ஷனே இருக்கட்டும். ஜெனரேட்டர் கொடுத்தாலும் அது உள்ளே லிஸ்டாக்கிக்கொண்டுதான் ஒட்டும்.

மூன்று ஃபாரும் இரண்டு இஃப்பும் அடைத்து வைத்திருக்கிறாயே ஒரு காம்ப்ரிஹென்ஷன், அதைச் சாதாரண லூப்பாகப் பிரித்துவிட்டு அனுப்பு. உட்கார்ந்து பார்க்கிறேன்.

அன்புடன்,
சேகர்