முதல் மழையும் உன் பழைய புது டயரும்

உச்சிப்புளி

மாப்ள,

இங்கே எல்லாரும் நலம். அம்மாவுக்கு முட்டி வலி அப்படியேதான் இருக்கிறது, பாப்பா பத்தாம் வகுப்பு போய்விட்டாள், நம்ம சிநேகிதன் புளிமூட்டைக்கு மூன்றாவதும் பெண், சந்தோஷத்தில் தெருவுக்கே பிரியாணி போட்டான். விஷயத்துக்கு வருகிறேன்.

நீ அனுப்பிய படத்தைப் பார்த்ததிலிருந்து மனசு ஒரு நிலையில் இல்லை. உன் ஆக்டேவியா காருக்கு நாலு டயர், சைஸ் 225/45 R17, பாதி விலை, யாரோ வாங்கிப் போடாமலேயே குடோனில் வைத்திருந்தது. "முடிகூட உதிரல மாப்ள, பட்டன் அப்படியே இருக்கு" என்று, ரோட்டைப் பிடிக்கிற ரப்பர் கட்டைகள் தேயாத சந்தோஷத்தில், நீ போனில் குதித்தாய். வாங்கிய தேதியைக் கேட்டேன், நேற்று என்றாய். டயர் பிறந்த தேதியைக் கேட்டேன், பேச்சை மாற்றிவிட்டாய். உன்னோடு போனில் வாதாடி ஜெயித்த ஆள் கிடையாது, வாத்தியாரே தோற்றிருக்கிறார். அதனால்தான் கடிதம். இதில் நீ குறுக்கே பேச முடியாது, முழுசாகப் படி.

போன வாரம் இங்கே முதல் மழை பெய்தது. ரொம்ப இல்லை, ஒரு மணி நேரம் இருக்கும். நம்ம ரோட்டில் முதல் மழை என்றால் உனக்குத் தெரியும், ஆறேழு மாதத்துத் தூசி, எண்ணெய், அதற்கு மேல் மண்டபம் பக்கமிருந்து வரும் மீன் லாரிகள் வழியெல்லாம் ஒழுகவிட்டுப் போகும் ஐஸ் தண்ணீர், எல்லாம் சேர்ந்து வழவழப்பாகிவிடும். நான் என் ஜெட்டா காரில் எழுபது கிலோமீட்டர் வேகத்தில் வந்துகொண்டிருந்தேன். வெளியூர் கார் ஒன்று, நல்ல அகலமான டயர் போட்டது, என்னைத் தாண்டிப் போனது. தொண்ணூறுக்கு மேல் இருக்கும். முன்னால் ரோடு கொஞ்சம் தாழ்ந்து தண்ணீர் தேங்கியிருந்த இடத்தில் பின்பக்கம் சட்டென்று வெளியே வந்தது. ஒரு முழுச் சுற்று சுற்றி, எதிரே பஸ் வராத புண்ணியத்தில், சீமைக்கருவேலப் புதருக்குள் போய் நின்றது. உள்ளே ஒரு பாட்டி, இரண்டு குழந்தைகள். சிராய்ப்போடு போயிற்று. அந்தப் பாட்டி வெளியே வந்து நின்றுகொண்டு கை நடுங்க பிள்ளைகளின் தலையைத் தடவிக்கொண்டே இருந்தார். எனக்கு உன் அம்மாவும் உன் பையன்களும்தான் கண்ணில் வந்தார்கள்.

ஓட்டிவந்தவர் திரும்பத் திரும்ப ஒன்றே சொன்னார்: "டயர் நல்லாத்தான் சார் இருக்கு, பட்டன் பாருங்க." பட்டன் இருந்தது. காரை இழுக்க வந்த நம்ம பஞ்சர் கடை மாமா குனிந்து பின் டயரில் கட்டைவிரல் நகத்தை அழுத்திப் பார்த்தார். "நகம் இறங்கலயேப்பா, கல்லா இருக்கு" என்றார். நான் டார்ச் அடித்துப் பார்த்தேன். முன்னால் இரண்டும் புதுசு. பின்னால் இரண்டிலும் தேதி எண் 3415. அதாவது 2015-ஆம் வருடம் 34-ஆவது வாரத்தில் செய்த டயர். சைடுவாலில், அதாவது டயரின் பக்கச் சுவரில், முடி மாதிரி மெல்லிய வெடிப்புகள். ஓடித் தேயவில்லை, சும்மா இருந்தே கெட்டிருக்கிறது.

இதைத்தான் உனக்குச் சொல்ல வேண்டும். நீ வாங்கியிருப்பது சாதாரண டயர் இல்லை. வேகத்துக்கும் வளைவுக்குமென்றே செய்த இந்த பெர்ஃபார்மன்ஸ் சம்மர் டயரின் விலையெல்லாம் அதன் ரப்பருக்குத்தான். ரோட்டின் சின்னச் சின்ன மேடு பள்ளத்துக்குள் அமுங்கிப் பிடிக்கும் மென்மை அதில் இருக்கிறது. ஈரத்திலும் பிடிக்க சிலிக்கா என்கிற பொடியைச் சேர்க்கிறார்கள். குளிர் ஏழு டிகிரிக்குக் கீழே இறங்கினால் அந்த ரப்பர் விறைத்துப்போகும் என்பதால் ஐரோப்பாவில் பனிக்காலத்துக்குக் கழற்றி வைப்பார்கள். நமக்கு அந்தக் கவலை கிடையாது, மார்கழி விடியற்காலையில் தனுஷ்கோடியில் நின்றாலும் அவ்வளவு குளிர் வராது. நமக்கு எதிரி சூடும் வயசும். வருடங்கள் போகப் போக ரப்பருக்குள் இருக்கும் எண்ணெய்ப் பசை வெளியேறும், சூட்டில் கந்தகப் பிணைப்புகள் மேலும் மேலும் இறுகும், காற்றில் உள்ள ஆக்சிஜனும் ஓசோனும் அரிக்கும். மொட்டை மாடியில் நாலு கோடை கிடந்த ரப்பர் செருப்பைப் போட்டுக்கொண்டு ஈரத் தரையில் நடந்து பார், புரியும். இதில் இன்னொன்று, ஓசோனைத் தடுக்க ரப்பரில் ஒரு வகை மெழுகு கலந்திருப்பார்கள். டயர் ஓடி வளைந்து நிமிரும்போதுதான் அது மேலே கசிந்து வந்து காப்பாற்றும். ஓடாமல் கிடந்த டயருக்கு அந்தப் பாதுகாப்பும் குறைவு. "ஓடாத டயர்" என்று நீ பெருமையாகச் சொன்னாயே, அது எனக்கு நல்ல செய்தியாகப் படவில்லை.

எந்தக் கம்பெனி என்று கேட்காதே, எந்தக் கம்பெனியாக இருந்தாலும் வயசு ஒன்றுதான். கார் கம்பெனிகள் பல ஆறு வருடத்தில் மாற்றச் சொல்கின்றன. மிஷலின் ஐந்து வருடத்துக்கு மேல் ஆண்டுதோறும் ஒரு தெரிந்த ஆளிடம் காட்டச் சொல்கிறது, பத்து வருடம் ஆனால் பார்க்க நன்றாக இருந்தாலும் ஸ்டெப்னி உட்பட மாற்றிவிடு என்கிறது. அது பொதுவாகச் சொன்ன கணக்கு. நம்ம கோவை குடோனில் தகரக் கூரைக்குக் கீழே கிடந்த டயருக்கு நான் அவ்வளவு காலம் கொடுக்க மாட்டேன்.

உனக்கு ஏன் இந்த ஆசை வந்தது என்று எனக்குத் தெரியும், அதைக் குறை சொல்லவும் மாட்டேன். கோவையில் கரி மோட்டார் ஸ்பீடுவே பந்தயத் தடத்தின் வேலிக்குப் பின்னால் நின்று நாம் பார்த்த பிள்ளைகள் அந்த வளைவில் எப்படிப் போவார்கள்! நல்ல டயர் என்பது என்ன சுகம் என்று நானும் இப்போது அறிந்தவன்தான். ஜெட்டாவுக்கு மிஷலினின் பைலட் ஸ்போர்ட் 4 டயர் போட்ட பிறகு வண்டியே வேறு. ஸ்டியரிங்கைத் தொட்டால் மூக்கு உடனே திரும்புகிறது, முன்பு ஒரு கணம் யோசித்துவிட்டுத் திரும்பும். பெருங்குளம் தாண்டி ஒரு ஆடு குறுக்கே பாய்ந்தது, ஈர ரோடு, பின்னாலேயே அதன் குட்டி. பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் கடகடவென்று அடித்தது, வண்டி நேர்கோட்டில் நின்றது, பழைய டயராக இருந்தால் குட்டி போயிருக்கும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பாம்பன் ரோட்டுப் பாலத்தில் மழையும் கடல் காற்றும் சேர்ந்து அடிக்கும்போதும் வண்டி அலையவில்லை. என்ன, சீக்கிரம் தேய்கிறது. மென்மையான ரப்பர், சித்திரை வெயிலில் கொதிக்கிற தார் ரோடு, தேயாமல் என்ன செய்யும். சாதாரண டயர் தந்த கிலோமீட்டரை இது தராது. தேயட்டும், அதற்குத்தானே காசு கொடுத்திருக்கிறேன்.

நீ கணக்குப் பிள்ளை, கணக்காகவே சொல்கிறேன். நூறு கிலோமீட்டர் வேகத்தில் பிரேக்கை முழுசாக மிதித்தால், டயரின் பிடிப்பு (உராய்வுக் கணக்கு) 0.9 இருக்கிற ரோட்டில் வண்டி சுமார் 44 மீட்டரில் நிற்கும். அதே பிடிப்பு 0.6 ஆனால் 66 மீட்டர். முதல் வண்டி நின்ற இடத்தை இரண்டாவது வண்டி தாண்டும்போது அது இன்னும் 58 கிலோமீட்டர் வேகத்தில் இருக்கும். ஆடு நிற்கிற இடத்தில் ஒரு பிள்ளை நின்றால் என்ன என்று நினைத்துப் பார். கடினமாகிப்போன ரப்பர் ஈரத்தில் உன்னிடமிருந்து பிடுங்கிக்கொள்வது இந்த மீட்டர்களைத்தான்.

அப்புறம் தண்ணீர். 1960-களில் நாசாவில் விமான டயர்களை வைத்து ஆராய்ந்து ஒரு சூத்திரம் கண்டுபிடித்தார்கள், டயர் தண்ணீர் மேல் மிதக்கத் தொடங்கும் வேகம் காற்றழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது என்று. கார் டயருக்கு அப்படியே பொருந்தாது, தோராயமாக வைத்துக்கொள். காற்றழுத்தம் 33 பிஎஸ்ஐ இருந்தால் 96 கிலோமீட்டர் வேகம் பக்கம். காற்று இறங்கி 25 ஆகிவிட்டால் 83. பட்டன் தேயத் தேய இன்னும் குறையும், டயர் அகலம் கூடினால் மிதப்பதும் சுலபம். உன்னுடையது 225 மில்லிமீட்டர் அகலம். சட்டத்தில் பட்டன் ஆழம் 1.6 மில்லிமீட்டர் ஆகும் வரை ஓட்டலாம், நான் மழைக்காலத்துக்கு முன்னால் 3 மில்லியிலேயே மாற்றிவிடுவேன், யார் என்ன சொன்னாலும் சரி.

காற்று விஷயத்தில் எனக்கு இங்கே தீராத எரிச்சல். ஒரு பங்க்கில் மீட்டர் 30 காட்டுகிறது, அடுத்ததில் அதே டயர் 36. எதைக் கேட்டாலும் "நாப்பது வச்சிருக்கேன் சார், லாங் போறீங்க" என்று ஒரு பையன். ஐந்தாறு டிகிரி சூடு ஏறினாலே ஒரு பிஎஸ்ஐ கூடும், ஓடி வந்த டயரில் கூடுதலாகத்தான் காட்டும், அதைப் பார்த்துக் காற்றை இறக்கிவிட்டால் ஆறிய பிறகு குறைந்துபோய் அடுத்த ஓட்டத்தில் சைடுவால் மடங்கி மடங்கிக் கொதிக்கும். வெடிக்கிற டயர்களில் பாதிக்கதை அதுதான் என்று மாமா சொல்வார், நானும் நம்புகிறேன். நீ சொந்தமாகக் காற்று பார்க்கும் கேஜ் ஒன்று வாங்கு. காலையில் வண்டி எடுக்கும் முன் பார். ஐந்து பேரும் சாமானும் என்றால் எவ்வளவு என்று காரிலேயே ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறது, அதுதான் கணக்கு.

வாத்தியார் வேறு உன்னிடம் சொன்னாராம், கஷ்டமாக இருந்தால் இரண்டு மட்டும் புதுசு வாங்கி முன்னால் போடு, இழுக்கிற சக்கரம் அதுதானே என்று. தயவுசெய்து வேண்டாம். இரண்டுதான் வாங்க முடியுமென்றால் அந்த இரண்டும் பின்னால் போக வேண்டும். முன்சக்கரம் வழுக்கினால் வண்டி நேராகப் போகும், ஆக்சிலேட்டரைத் தளர்த்தினால் பெரும்பாலும் திரும்பப் பிடிக்கும். பின்சக்கரம் வழுக்கினால் சுற்றிவிடும், உன்னாலும் என்னாலும் அதைத் திருத்த முடியாது. அந்த வெளியூர் கார் செய்திருந்தது இதைத்தான், முன்னால் புதுசு, பின்னால் 2015.

இந்தப் பழைய ஸ்டாக் எப்படி ஊரில் சுற்றுகிறது என்றும் எனக்கு ஒரு எண்ணம். 2020 ஜூனில் வெளிநாட்டு டயர் இறக்குமதிக்கு அரசு கட்டுப்பாடு வைத்தது, அதன் பிறகு சில சைஸ்கள் கிடைப்பதே பாடாகிவிட்டது, விலையும் ஏறியது. கிடைத்தால் போதும் என்று ஆசைப்படுகிறவன் இருக்கும்வரை குடோனைத் துடைத்து விற்கிறவனும் இருப்பான். உனக்கு விற்றவன் தெரிந்தே விற்றானா என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் தேதி கேட்டபோது அவனும் பேச்சை மாற்றியிருப்பான், சரியா?

தீபாவளிக்கு நீ வருகிற வழி எனக்கு மனப்பாடம். மதுரையிலிருந்து பரமக்குடி வரை நாலு வழி, கால் தானாக அழுந்தும். அதற்கப்புறம் இரண்டு வழிதான், ஐப்பசி மழை, எதிரே பஸ், ஓரத்தில் மாடு, ராமநாதபுரம் தாண்டினால் மீன் லாரி. பையன்கள் தனுஷ்கோடி பார்க்க வேண்டுமென்று வேறு கேட்டிருக்கிறார்கள். 2017-இல் திறந்த அரிச்சல்முனை ரோடு நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் காற்று அடித்த அன்று மணல் ரோட்டில் விரிந்து கிடக்கும், அதன் மேல் எந்தப் பெரிய டயரும் பிடிக்காது. அங்கே நான் ஓட்டுகிறேன், நீ கடலைப் பார்.

இப்போது நீ செய்ய வேண்டியது இது. கீழே போ. டயர் சைடுவாலில் DOT என்று தொடங்கும் நீளமான எழுத்து வரிசையின் கடைசியில் ஒரு கட்டத்துக்குள் நாலு இலக்கம் இருக்கும், முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். பல டயரில் அது ஒரு பக்கம்தான் இருக்கும், மாட்டியாகிவிட்டது என்றால் உள்பக்கம் மறைந்திருக்கலாம், படுத்துப் பார். நாலு டயரையும் பார், ஒன்றைப் பார்த்துவிட்டு மற்றதும் அப்படித்தான் என்று எழுந்துவிடாதே. ஸ்டெப்னியையும் சேர்த்து ஐந்து படம் எனக்கு அனுப்பு.

ஆறு வருடத்துக்கு மேற்பட்டதாக இருந்தால் அந்தக் காரை எடுக்காதே. விற்றவனிடம் காசு திரும்ப வந்தாலும் வராவிட்டாலும் எடுக்காதே. ரயிலிலோ பஸ்ஸிலோ அம்மாவையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வா, ராமநாதபுரத்தில் எந்த நேரமானாலும் நான் ஜெட்டாவோடு நிற்கிறேன். புது டயருக்குக் காசு இடித்தால் அதையும் என்னிடம் சொல், வெட்கப்படாதே. அம்மா உனக்காக விளமீனுக்குச் சொல்லிவைத்துவிட்டாள், படம் வரும்வரை நான் அவளிடம் எதுவும் சொல்லப்போவதில்லை.

உன்
மாப்ள