கிங்கும் நைஃபும் மோனையா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்ற மாதம் உங்கள் மாணவர் பக்கத்தில் ஆங்கில இலக்கிய அணிகளைப் பற்றிய கட்டுரை ஒன்று வந்தது. 'ஒரே எழுத்தில் தொடங்கும் சொற்கள் அடுத்தடுத்து வந்தால் அது அலிட்டரேஷன்' என்று அதில் ஒரு வரி. நம் மோனை மாதிரி. எழுத்து இல்லை ஐயா, ஒலி. கிங், நைஃப் இரண்டும் 'கே'யில்தான் தொடங்குகின்றன, வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், மோனை எங்கே இருக்கிறது? ஃபோன், ஃபேன் இரண்டுக்கும் முதல் எழுத்து வேறு, ஆனால் காதில் ஒட்டுகிறதே! இதெல்லாம் உங்களுக்குத் தெரியாததா என்ன.

என் அண்ணன் மகள் அந்த வரியை நம்பித் தேர்வில் சிட்டியையும் கேட்டையும் (பூனையைத்தான் சொல்கிறேன்) ஜோடி சேர்த்துவிட்டு வந்திருக்கிறாள். 2 மதிப்பெண் போச்சு. "ரெண்டும் 'சி'தானே சித்தப்பா, பேப்பர்லயே போட்டிருக்கே" என்று உங்கள் பக்கத்தைக் கத்தரித்து ஒட்டிய நோட்டை நீட்டினாள். 22 வருடம் ஆங்கிலம் நடத்தியவன் நான், அச்சில் வந்ததற்கு முன்னால் என் பேச்சு எடுபடவில்லை.

இது முதல் தடவையும் இல்லை. முன்பு ஒருமுறை ரைம் என்றால் எதுகை என்று போட்டீர்கள். எதுகை இரண்டாம் எழுத்தில் வருவது, ரைம் பெரும்பாலும் வரியின் கடைசியில் வருவது. கடைசியில் ஒலி ஒன்றி வருவதற்கு இயைபு என்று ஒரு சொல் நம்மிடம் சும்மா உட்கார்ந்திருக்கிறது, அதைக் கூப்பிட யாருக்கும் தோன்றவில்லை. அப்போது நான்கு பக்கம் எழுதி அனுப்பினேன். இடமில்லை என்றார்கள். சரி, அடுத்த இதழில் குறுக்கெழுத்துப் போட்டிக்கு ஒரு முழுப் பக்கம் இருந்தது.

அப்புறம் இந்த சினெக்டகி. பெயரைக் கேட்டாலே பிள்ளைகள் மிரள்கிறார்கள், நீங்களும் 'பகுதியால் முழுமையைச் சுட்டும் சொல்லணி' என்று இன்னும் கொஞ்சம் மிரட்டிவிட்டு நகர்ந்துவிட்டீர்கள். கப்பலில் ஆட்களை 'ஹேண்ட்ஸ்' என்று கூப்பிடுகிறார்களே, அதுதான். நம் சினையாகுபெயர். 'தலைக்கு ரெண்டு' என்று மிட்டாயைப் பங்கு போடும் பிள்ளைக்கு அது எப்போதோ தெரியும், பெயர்தான் தெரியாது. அரசரை 'கிரௌன்' என்பது மெட்டானமி, அதாவது தொடர்புள்ள வேறொரு பொருளின் பெயரால் சுட்டுவது; கிரீடம் அவர் உடம்பில் ஒரு பகுதி இல்லையே. இந்த ஒரு வித்தியாசத்தைச் சொல்ல இரண்டு வரி போதும், உங்கள் கட்டுரையாளர் இரண்டையும் ஒரே பத்தியில் போட்டுக் கலக்கிவிட்டார்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. 'எழுத்து' என்பதை 'ஒலி' என்று திருத்தி, அதே மாணவர் பக்கத்தில், கண்ணில் படுகிற இடத்தில் போடுங்கள். அடுத்த கட்டுரை சர்காஸம் (புகழ்வதுபோல் குத்திப் பேசுவது) பற்றி என்று அறிவித்திருக்கிறீர்கள். எடுத்துக்காட்டு கிடைக்காவிட்டால் இதை வைத்துக்கொள்ளலாம்: 'உங்கள் மாணவர் பக்கம் எங்கள் வீட்டுக்கு மிகவும் பயனுள்ளதாக இருந்தது.'

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர் ஒருவர்