வைக்கோல் ஏறிப் போன லாரி

அன்புள்ள ராஜா,

பொங்கலுக்கு வருகிறேன் என்றாயே, எந்தப் பொங்கல் என்று கேட்கத்தான் உட்கார்ந்தேன். நானும் எட்டு மாசமாக ஒரு வரி எழுதவில்லை, கணக்கு நேர். அம்மாவுக்கு முட்டிவலி, மற்றபடி சுகம். செக்கடி மாமா இன்னும் அதே சட்டையில்தான்.

விஷயத்துக்கு வருகிறேன். லட்சுமியைக் கன்றோடு விற்றுவிட்டேன். சிரிக்காதே, அவளிடம் உதை வாங்கியவன் நீ. காரணம் சொன்னால் வெட்கக்கேடு: தின்ன வைக்கோல் இல்லை! ஐந்து ஏக்கர் சம்பா அறுத்தவன் வீட்டில்!

பெல்ட் மிஷின் ஒரே நாளில் அறுத்துத் தள்ளியது. மறுநாளே கட்டுக் கட்டுகிற மிஷின்காரன் வந்தான். உருளை உருளையாகச் சுருட்டி லாரியில் ஏற்றினான், கேரளாவுக்காம். நெல்லுக்குப் பணம் வரும்வரை மிஷின் வாடகை காத்திருக்குமா? கொடுத்த காசை வாங்கிக்கொண்டேன். வைக்கோல் போர் போட ஆளும் இல்லை.

பிறகுதான் உறைத்தது. நெற்பயிர் மண்ணிலிருந்து உறிஞ்சுகிற சாம்பல் சத்தில், அதாவது பொட்டாஷில், ஐந்தில் நாலு பங்கு வைக்கோலில்தான் நிற்கிறதாம். முன்பு அது மாட்டு வயிறு, குப்பைக்குழி என்று சுற்றி வயலுக்கே திரும்பும். இப்போது லாரியில் போய்விடுகிறது. ஈடுகட்ட வேண்டிய பொட்டாஷோ கனடா, பெலாரஸ் என்று எங்கிருந்தோ கப்பலில் வரவேண்டும். 2022-ல் உக்ரைன் சண்டை நடந்த சமயம் இங்கே மூட்டை 1,700 ரூபாய். உக்ரைன் எந்தத் திக்கு என்றே தெரியாத செக்கடி மாமா கடைவாசலில் நின்று புடினைத் திட்டினார். நாமோ வைக்கோலை விற்றுப் பொட்டாஷ் வாங்குகிறோம். நம் கணக்கு வாத்தியார் இருந்தால் பெஞ்சு மேல் ஏற்றியிருப்பார்.

மிஷினே வேண்டாம் என்கிறாயா என்று கேட்பாய். அப்படிச் சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை ராஜா. கருக்கரிவாளோடு நாள் முழுக்கக் குனிந்து நின்றது நம் அம்மாக்கள் இல்லை, தெற்குத்தெருப் பெண்கள். கூலி நெல் கொஞ்சம் கூட்டிக் கேட்டு நடந்த தகராறில்தானே 1968-ல் கீழ்வெண்மணியில் 44 பேரைக் குடிசையில் வைத்துக் கொளுத்தினார்கள். அந்தக் கூலி நெல்லே இன்றைக்கு இல்லை. தெற்குத்தெருவில் ரேஷன் அரிசி வேகிறது, பையன்கள் திருப்பூரில். பழைய காலம் பொற்காலம் என்று எவனாவது மேடையில் பேசினால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ஆனால் மண் இளைப்பதும் நிஜம்தானே. இரண்டையும் சேர்த்து யோசித்தால் தூக்கம் போகிறது.

இப்போதைக்கு ஆட்டு மந்தை ஓட்டி வருகிற ராமநாதபுரத்துக் கீதாரிக்குப் போன் போட்டிருக்கிறேன். பங்குனியில் இரண்டு ராத்திரி ஆடுகளை வயலில் அடைத்துக் கிடை போடுவார், புழுக்கை உரமாகும். ஒரு ஏக்கரில் பசுந்தாள் உரத்துக்குத் தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழவும் உத்தேசம். அதற்குள் அந்த ஆடுகளே அதை மேய்ந்துவிடும் என்கிறாள் உன் தங்கச்சி.

கொட்டில் காலியானதில் மூலையில் உன் சைக்கிள் அகப்பட்டது. செயின் இல்லை. வந்து எடுத்துக்கொண்டு போ.

உன்,
முத்து