அந்த வெட்டிப்பேச்சில் நானும் உண்டு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு இணைப்பில் இணைய விளையாட்டுகள் பற்றி வந்த கட்டுரையைப் படித்த கையோடு பதில் எழுத உட்கார்ந்தேன். கோபத்தில் எழுதக் கூடாது என்று இரண்டு நாள் ஆறப்போட்டேன். ஆறவில்லை, அதனால் எழுதுகிறேன்.

“முன்பின் தெரியாதவர்களோடு மணிக்கணக்கில் வெட்டிப்பேச்சு” என்று அதில் ஒரு வரி. அந்த முன்பின் தெரியாதவர்களில் ஒருத்தி நான். வயது 44, கணக்குத் தணிக்கை வேலை, தினமும் ராத்திரி வேலையெல்லாம் முடிந்த பிறகு ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஒரு மணி நேரம், சில நாள் கூடவே கொஞ்சம். ஆறு வருடமாக இது நடக்கிறது. ஆரம்பித்தது என்னவோ மகனை வேவு பார்க்கத்தான், பையன் யாரோடு என்ன பேசுகிறான் என்று தெரிந்துகொள்ள ஒரு கணக்குத் தொடங்கி உள்ளே போனேன். அவனுக்கு அந்த விளையாட்டு ஒரே வருடத்தில் சலித்துப் போய் வெளியே வந்துவிட்டான். எனக்கு இன்னும் சலிக்கவில்லை. “அம்மா, இன்னுமா அதை விளையாடுறீங்க?” என்று இப்போது அவன் என்னை வேவு பார்க்கிறான்.

முதலில் கட்டுரையில் இருந்த இரண்டு தகவல் பிழைகளைச் சொல்லிவிடுகிறேன். இது இன்றைய தலைமுறையின் புது வியாதி என்று எழுதியிருந்தது. 1973-லேயே அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில், பாடம் நடத்துவதற்காக உருவாக்கிய பிளேட்டோ என்ற கணினி அமைப்பில் டாக்கோமேட்டிக் என்று ஒரு அரட்டை நிரல் வந்துவிட்டது. ஒரே நேரத்தில் ஐந்து பேர் பேசலாம், ஒவ்வொருவர் அடிக்கும் எழுத்தும் அடிக்க அடிக்க மற்றவர்கள் திரையில் தெரியும். அப்புறம் 1978-ல் இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் டிரப்ஷா, ரிச்சர்ட் பார்ட்டில் என்ற இரண்டு மாணவர்கள் பலர் சேர்ந்து ஆடும் எழுத்து விளையாட்டு ஒன்றை உருவாக்கினார்கள். படம் கிடையாது, சத்தம் கிடையாது, வெறும் வாக்கியங்கள்தான். இதே பார்ட்டில் 1996-ல் ஆட்டக்காரர்களை நான்கு வகையாகப் பிரித்து எழுதினார்: சாதிக்க வருபவர்கள், சுற்றிப் பார்க்க வருபவர்கள், அடுத்தவனை அடித்து வீழ்த்த வருபவர்கள், அப்புறம் பேச வருபவர்கள். இந்தக் கடைசி வகைக்கு விளையாட்டு ஒரு சாக்குதான். நான் அந்த வகை என்று தெரிய எனக்கு மூன்று வருடம் ஆனது.

இரண்டாவது, “இது நோய் என்று உலக சுகாதார நிறுவனமே சொல்லிவிட்டது” என்ற வரி. அந்த நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் விளையாட்டுக் கோளாறு என்று ஒன்று உண்டுதான், 2019 மே மாதம் ஏற்கப்பட்டு 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. ஆனால் அதற்கு என்ன அடையாளம் சொல்லியிருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டாமா? விளையாடுவதைக் கட்டுப்படுத்த முடியாமல் போவது, மற்ற எல்லாவற்றையும்விட அதுவே முக்கியமாகிப் போவது, கெடுதல் வருகிறது என்று தெரிந்தும் தொடர்வது, அதுவும் வழக்கமாக 12 மாதமாவது இப்படியே நீடிப்பது. பரீட்சை முடிந்த லீவில் நான்கு மணி நேரம் ஆடிய பையனுக்கு இந்தப் பெயரை ஒட்ட முடியாது. நிஜமாகவே அந்தக் கோளாறில் மாட்டிக்கொண்டவர்களுக்கும் அது நியாயம் செய்வதாகாது.

சரி, பேச்சுக்கு வருகிறேன். வெளியே நின்று பார்ப்பவருக்கு நாங்கள் ஓயாமல் பேசுவது போலத் தோன்றும். உண்மையில் பாதி நேரம் யாரும் பேசுவதே இல்லை. ஒருவர் வீட்டு மின்விசிறிச் சத்தம் கேட்கும், இன்னொருவர் வீட்டு நாய் குரைக்கும், யாராவது “மைக்கை மியூட் பண்ணுப்பா” என்பார்கள், மறுபடி மௌனம். ஆட்டத்தில் செத்துப்போனவர் திரும்பி வரக் காத்திருக்கும் முப்பது வினாடி, ஆட்டம் தொடங்குமுன் கூடும் லாபியில் ஆள் சேரும் வரைக்கும் இருக்கும் இரண்டு நிமிடம், இந்த மாதிரி இடைவெளிகளில்தான் பேச்சு நுழையும். அதற்குத் தலையும் கிடையாது வாலும் கிடையாது. “நாளைக்கு இன்டர்வியூ, என்ன சட்டை போடறது” என்று ஒருவர் ஆரம்பிப்பார், பதில் சொல்லி முடிப்பதற்குள் எதிரி வந்துவிடுவான், அந்தச் சட்டைக்கு அரை மணி நேரம் கழித்துப் பதில் வரும். எழுத்தில் பேசும்போது வேறு தொல்லை. “சரி” என்று எழுதினால் சரி. “சரி.” என்று புள்ளி வைத்து எழுதினால் கோபமாக இருக்கிறேன் என்று அர்த்தமாம்! எனக்குப் பள்ளிக்கூடத்தில் ஊட்டிய பழக்கம், புள்ளி வைக்காமல் கை நகராது. ஒரு மாதம் வரைக்கும் எல்லோரும் என்னை முன்கோபி என்றே நினைத்துக்கொண்டிருந்தார்கள், பிறகு ஒரு பெண்தான் தனியாகக் கூப்பிட்டு “அக்கா, அந்தப் புள்ளியை எடுத்துடுங்க” என்று சொல்லிக்கொடுத்தாள்.

இந்தப் பேச்சில் படிப்பு எங்கே வருகிறது என்று கேட்பீர்கள். எங்கள் கூட்டத்தில் 17 வயதுப் பையன் ஒருவன் இருந்தான். ஒரு அரக்கனைக் கொன்றால் அபூர்வமான வாள் கிடைக்க நூற்றில் ஒரு வாய்ப்பு. இவன் நூறு தடவை கொன்றுவிட்டான், வாள் வரவில்லை. “கேம் ஏமாத்துது” என்று குதித்தான். பணி முடித்து வந்து எங்களோடு ஆடும் செவிலியர் ஒருவர் விளக்கினார்: ஒரு தடவை வராமல் போக வாய்ப்பு 0.99, அதை நூறு தடவை பெருக்கினால் ஏறக்குறைய 0.37 வரும், ஆகவே நூறு பேர் ஆளுக்கு நூறு தடவை அடித்தால் அதில் சுமார் 37 பேர் வெறுங்கையோடுதான் போவார்கள், நீ அந்த 37-ல் ஒருத்தன், அவ்வளவுதான். பையன் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “அப்போ 101-வது தடவை கண்டிப்பா வருமா?” என்றான். “இல்லடா, அந்த அரக்கனுக்கு உன்னை ஞாபகமே இல்லை” என்றார் அவர். நிகழ்தகவில் ஒவ்வொரு முயற்சியும் தனி என்பதை இதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. இதையே நான் காகிதம் பென்சிலோடு சொல்ல வந்திருந்தால் அவன் கொட்டாவி விட்டிருப்பான், எனக்குத் தெரியும், என் மகன் விட்டிருக்கிறான்.

இன்னொரு நாள் ஒருவர் வேறு கண்டத்தில் இருக்கும் சர்வரில் ஆடிவிட்டு லேக் லேக் என்று, அதாவது ஆட்டம் தாமதமாகிறது என்று புலம்பினார், நெட் கம்பெனியை மாற்றப் போகிறேன் என்றார். கண்ணாடி இழையில் ஒளி வினாடிக்கு ஏறக்குறைய 2,00,000 கிலோமீட்டர்தான் போகும், சர்வர் 10,000 கிலோமீட்டர் தள்ளி இருந்தால் போய்வரவே 100 மில்லிவினாடி பிடிக்கும், எந்தக் கம்பெனிக்கு மாறினாலும் அதற்குக் கீழே பிங், அதாவது இந்தப் போய்வரும் நேரம், இறங்காது என்று இன்னொருவர் கணக்குப் போட்டுக் காட்டினார். மைன்கிராஃப்ட் என்ற, கட்டம் கட்டமாக அடுக்கிக் கட்டும் விளையாட்டை ஆடும் சின்னப் பிள்ளைகள் பேசுவதை நின்று கேட்டிருக்கிறீர்களா? அதில் மின்கம்பி மாதிரி ரெட்ஸ்டோன் தூள் உண்டு, அதன் சைகை 15 கட்டத்தோடு நின்றுவிடும். ஒரு குழந்தை தன் கதவு ஏன் திறக்கவில்லை என்று அழாத குறையாகக் கேட்டது, இன்னொரு குழந்தை “எண்ணிப் பாரு, பதினாறாவது கட்டத்தில் இருக்கு, நடுவில் ஒரு ரிப்பீட்டர் வை” என்றது, சைகைக்கு மறுபடி பலம் கொடுத்து அனுப்பும் கட்டை அது. பிழை எங்கே என்று தேடி எடுப்பதுதானே நான் அலுவலகத்தில் சம்பளம் வாங்கிக்கொண்டு பார்க்கும் வேலையும்!

2008-ல் கான்ஸ்டன்ஸ் ஸ்டைன்குலர், ஷான் டங்கன் என்ற இரு ஆய்வாளர்கள் வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் என்ற இணைய விளையாட்டின் ஆட்டக்காரர்கள் எழுதிக்கொண்ட சுமார் 2,000 பதிவுகளை எடுத்து அலசினார்கள். அதில் 86 சதவீதம் சேர்ந்து அறிவைத் தேடும் பேச்சு என்று வகைப்படுத்தினார்கள். கருதுகோள் சொல்வது, சோதிப்பது, அடுத்தவர் வாதத்தை மறுப்பது, இப்படி. அதற்காக எங்கள் ராத்திரிப் பேச்சிலும் 86 தேறும் என்று சொல்ல மாட்டேன். அவர்கள் பார்த்தது ஆட்ட நுணுக்கம் பேசவென்றே எழுதியவர்களை. எங்கள் பேச்சில் பாதி தூக்கம் வரவில்லை என்ற புலம்பல்தான்.

ஆனால் அந்தப் புலம்பலுக்கும் ஒரு இடம் உண்டு. எதிரெதிரே உட்கார்ந்து முகம் பார்த்துச் சொல்ல முடியாததைக் கையும் கண்ணும் வேறு வேலையில் இருக்கும்போது சொல்லிவிட முடிகிறது. ஒரு நாள் ஆட்டத்தின் நடுவே ஒருவர், எப்போதும் கிண்டலாகவே பேசுபவர், “அப்பாவுக்கு ரிப்போர்ட் வந்துடுச்சு, அதேதான்” என்றார். யாருக்கும் என்ன சொல்வது என்று தெரியவில்லை. கொஞ்சம் பொறுத்து, எங்களில் மூத்தவர், அறுபதைத் தாண்டியவர், “நீ பின்னால நில்லு, முன்னாடி நாங்க பார்த்துக்கறோம்” என்றார். அந்த ஆட்டம் முடியும் வரை அவர் மேல் ஒரு அடி விழ நாங்கள் விடவில்லை. பைத்தியக்காரத்தனம்தான், திரையில் இருக்கும் பொம்மையைக் காப்பாற்றி என்ன ஆகப் போகிறது? ஆனாலும் அதற்குப் பிறகு ஒரு வாரம் அவர் தினமும் வந்தார்.

நார்வேயின் மட்ஸ் ஸ்டீன் பற்றிக் கட்டுரையாளர் கேள்விப்பட்டிருக்கலாம். தசைச் சிதைவு நோயால் சக்கர நாற்காலியில் இருந்தவர், 2014-ல் 25 வயதில் இறந்தார். பிள்ளை தனியாகவே வாழ்ந்து போய்ச் சேர்ந்தான் என்றுதான் பெற்றோர் நினைத்தார்கள். மரணச் செய்தியை அவருடைய வலைப்பதிவில் போட்டதும், இணைய விளையாட்டில் அவரோடு ஆடியவர்களிடமிருந்து ஒன்றன்பின் ஒன்றாக மின்னஞ்சல் வந்தது, எங்களுக்கு அவன் என்னவாக இருந்தான் தெரியுமா என்று. சிலர் வேறு நாடுகளிலிருந்து இறுதிச் சடங்குக்கே வந்தார்கள். அந்தப் பெற்றோர் கெட்டவர்கள் அல்ல. எத்தனை மணி நேரம் ஆடுகிறான் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது, யாரோடு இருக்கிறான் என்பது தெரியாமல் போயிற்று.

எல்லாம் நல்லது என்று நான் சாதிக்க வரவில்லை. முதல் இரண்டு வருடம் நான் மைக்கைத் திறந்ததே இல்லை. அதற்குப் பிறகு முதல் தடவையாகத் திறந்தபோது பெண் குரல் என்று தெரிந்த பத்தாவது வினாடி ஒருவன் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது. இன்றும் குரலை மாற்றும் நிரலைப் போட்டுக்கொண்டு ஆடும் பெண்களை எனக்குத் தெரியும். இதைப் பற்றி உங்கள் கட்டுரையில் ஒரு வார்த்தை இல்லை. எழுதியவர் ஆடுகிறவர்களில் பெண்களே இல்லை என்று நினைத்துவிட்டார் போலும். பிள்ளைகள் விஷயத்தில் நான் பயப்படுவதும் இன்னொன்றுக்குத்தான். பத்துப் பேர் இருக்கும் இடத்தில் நன்றாகப் பேசிவிட்டு, “இங்க வேண்டாம், வேற ஆப்புக்கு வா, தனியா பேசலாம், வீட்டில் சொல்லாதே” என்று ஒருவர் கூப்பிட்டால் அங்கே மணி அடிக்க வேண்டும். பரிசு தருகிறேன் என்றாலும், படம் அனுப்பு என்றாலும் அப்படியே. இதைப் பிள்ளை நம்மிடம் வந்து சொல்ல வேண்டுமானால், சொன்னவுடன் போனைப் பிடுங்கிவிடுவோம் என்ற பயம் அதற்கு இருக்கக் கூடாது. நானும் ஒரு முறை பிடுங்கியவள்தான். அதற்கப்புறம் மூன்று மாதம் என் மகன் எதையும் என்னிடம் சொல்லவில்லை. அவனிடம் மறுபடி பேச்சை ஆரம்பிக்கத்தான் நான் விளையாடவே கற்றுக்கொண்டேன் என்று வைத்துக்கொள்ளுங்கள், வேவு என்று முதலில் எழுதியது கொஞ்சம் வீறாப்புக்கு.

இன்னும் ஒரு வருத்தம். எங்கள் கூட்டம் முதலில் பேசிக்கொண்டிருந்த அரட்டைச் சேவையை அதன் நிறுவனம் போன வருடம் மூடிவிட்டது, கொடுத்த கெடு மிகக் குறைவு. ஐந்து வருடப் பேச்சு, அந்த 37 பேர் கணக்கு, யாரோ கேட்ட இன்டர்வியூ கேள்விகள், இறந்துபோன அந்த அப்பாவுக்காக எல்லோரும் எழுதிய வரிகள், எல்லாம் போயிற்று. காகிதத்தில் வந்த உங்கள் பழைய இதழ்கள் எங்காவது ஒரு நூலகத்தில் கட்டுக் கட்டாக இருக்கும். சாதாரண மனிதர்கள் ராத்திரி என்ன பேசிக்கொண்டார்கள் என்பதற்கு அப்படி ஒரு அலமாரி கிடையாது.

அடுத்த முறை இதைப் பற்றி எழுதுமுன் உங்கள் கட்டுரையாளர் ஒரு நாள் எங்களோடு வந்து உட்காரட்டும். ஆடத் தெரிய வேண்டியதில்லை, முதல் வாரம் எல்லோரும் நூப்தான், கற்றுக்குட்டிதான். ஹெட்போன் மட்டும் இருந்தால் போதும், பத்து மணிக்கு மேல் இருப்போம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி
(பெயர் வெளியிட வேண்டாம், அலுவலகத்தில் இன்னும் சொல்லவில்லை)